கணினி நம் சீட்டைப் பார்க்கிறதா?

நுழையும்முன்

வண்ணச் சீட்டுகளைப் பொருத்தி ஆடும் ஊனோ விளையாட்டை உங்களுள் பலர் அறிவீர்கள். பெற்றோரின் பணிமாற்றத்தால் புதிய ஊருக்கு வந்து, நண்பர்கள் அமையும்வரை கணினியையே எதிராளியாகக் கொண்டு ஆடியவர்களும் உங்களுள் இருக்கலாம். தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் தோற்றுவிட்டால், "இந்தக் கணினி என் சீட்டைப் பார்த்துக்கொண்டே ஆடுகிறது" என்னும் ஐயம் எழுவது இயல்பு. அந்த ஐயம் சரியானதா? அதனை எவ்வாறு சோதித்து அறிவது? இப்பாடத்தில் காண்போம்.

ஆட்டம் பிறந்த கதை

அமெரிக்க நாட்டின் ஓஹியோ மாநிலத்தில் ரெடிங் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் முடிதிருத்தும் கடை நடத்திய மெர்ல் ராபின்ஸ் என்பவர், 1971ஆம் ஆண்டில் இவ்விளையாட்டை உருவாக்கினார். அதற்கு முன்பே 'கிரேசி எய்ட்ஸ்' என்னும் சீட்டாட்டம் அங்கு வழக்கில் இருந்தது. கீழே கிடக்கும் சீட்டின் இனத்தையோ எண்ணையோ பொருத்திச் சீட்டுப் போடுவது அவ்வாட்டத்தின் விதி. அதனையே வண்ணங்களைக் கொண்டு ராபின்ஸ் புதுப்பித்தார். அவருடைய குடும்பத்தினர் 8,000 டாலர் திரட்டி 5,000 சீட்டுக்கட்டுகளை அச்சிடச் செய்தனர். அவற்றை அவர் தம் கடையிலேயே விற்றார். பின்னர் உரிமை வேறு சிலரிடம் சென்றது. 1992ஆம் ஆண்டில் மேட்டல் என்னும் பொம்மை நிறுவனம் இவ்விளையாட்டைப் பெற்றது. 'ஊனோ' என்பது இத்தாலிய, ஸ்பானிய மொழிகளில் 'ஒன்று' எனப் பொருள்படும் சொல்லாகும். கையில் ஒரே ஒரு சீட்டு எஞ்சும்போது அச்சொல்லை உரக்கக் கூறவேண்டும் என்பதனால் இப்பெயர் அமைந்தது.

நூற்றெட்டுச் சீட்டுகள்

ஊனோவின் வழக்கமான கட்டில் 108 சீட்டுகள் உள்ளன. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் ஆகிய நான்கு நிறங்களில், நிறத்திற்கு 25 சீட்டுகள் வீதம் 100 சீட்டுகள் அமைந்திருக்கும். ஒவ்வொரு நிறத்திலும் சுழி எழுதிய சீட்டு ஒன்று. 1 முதல் 9 வரையிலான எண்கள் இவ்விரண்டாக 18 சீட்டுகள். எஞ்சியவை செயல் சீட்டுகள். அடுத்தவரின் முறையைத் தாண்டச் செய்யும் 'ஸ்கிப்', ஆட்டம் சுற்றும் திசையை மாற்றும் 'ரிவர்ஸ்', அடுத்தவரை இரண்டு சீட்டுகள் எடுக்கச் செய்யும் 'டிரா டூ' ஆகியவை இவ்விரண்டாக ஆறு சீட்டுகள்.

இந்நூறு சீட்டுகளுக்கு அப்பால் நிறமற்ற சீட்டுகள் எட்டு உள்ளன. அவற்றுள் நான்கு, விரும்பிய நிறத்தை அறிவிக்கும் உரிமையைத் தருவன. அவற்றை 'வைல்டு' சீட்டுகள் என்பர். மற்ற நான்கும் நிறத்தை மாற்றுவதோடு அடுத்தவரை நான்கு சீட்டுகளையும் எடுக்கச் செய்வன.

ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஏழு சீட்டுகள் வழங்கப்படும். கீழே திறந்து வைக்கப்பட்ட சீட்டின் நிறத்தையோ எண்ணையோ குறியையோ ஒத்த சீட்டைப் போடவேண்டும். பொருத்தமான சீட்டு இல்லையெனில் கட்டிலிருந்து ஒன்றை எடுக்கவேண்டும். கைச்சீட்டுகள் அனைத்தையும் முதலில் போட்டு முடிப்பவரே வெற்றி பெறுவார்.

இங்கு ஓர் எளிய கணக்கைச் செய்து பார்ப்போம். கீழே கிடப்பது சிவப்பு 5 எனக் கொள்வோம். எஞ்சிய 107 சீட்டுகளுள் சிவப்புச் சீட்டுகள் 24; பிற நிறங்களின் ஐந்துகள் 6; நிறமற்ற சீட்டுகள் 8. ஆக, பொருந்தக்கூடியவை 38. அவ்வாறாயின் ஏழு சீட்டுகளைக் கையில் வைத்திருந்தும் ஒன்றுகூடப் பொருந்தாமல் போகுமா? போகும். கணக்கிட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 24 முறைக்கு ஒருமுறை அவ்வாறு நேரும். எவரும் ஏமாற்றாத ஆட்டத்திலும் முதல் சீட்டையே போட இயலாத நாள் வந்தே தீரும் என்பதை இக்கணக்குக் காட்டுகிறது.

கணினி சீட்டைக் கலைப்பது எவ்வாறு?

கணினிக்குக் கைகள் இல்லை. அது எண்களையே கலைக்கிறது. 108 சீட்டுகளுக்கும் வரிசையாக இடங்கள் உண்டு. நிரல் கடைசி இடத்திலிருந்து தொடங்கும். 1 முதல் 108 வரையிலான எண்களுள் ஒன்றைச் சமவாய்ப்பாகத் தேர்ந்தெடுக்கும். அந்த எண்ணுக்குரிய இடத்திலுள்ள சீட்டையும் 108ஆம் இடத்துச் சீட்டையும் இடம் மாற்றும். பின்னர்க் கடைசி இடத்தைத் தொடாமல், 1 முதல் 107 வரை ஓர் எண்ணைத் தேர்ந்து அவ்வாறே செய்யும். இப்படி ஒவ்வோர் இடமாக இறங்கி வந்து முதல் இடத்தை அடைந்ததும் கலைத்தல் முடிவுறும். இம்முறையின் மூலவடிவத்தை ரொனால்டு ஃபிஷர், ஃபிராங்க் யேட்ஸ் ஆகிய புள்ளியியல் அறிஞர்கள் 1938ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அது தாளும் எழுதுகோலும் கொண்டு செய்வதற்காக வகுக்கப்பட்டது. கணினிக்கு ஏற்ற வடிவத்தை 1964ஆம் ஆண்டில் ரிச்சர்டு டர்ஸ்டன்ஃபெல்டு என்பவர் வெளியிட்டார்.

சமவாய்ப்பு எண் கணினிக்கு எங்கிருந்து கிடைக்கிறது? பெரும்பாலான விளையாட்டுகளில் அது ஒரு கணக்கின் விடையாகவே பிறக்கிறது. அக்கணக்கின் சிறு வடிவம் ஒன்றை நீங்களே செய்து பார்க்கலாம். ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு அதனை 5ஆல் பெருக்குக, 3ஐக் கூட்டுக, வருவதை 16ஆல் வகுத்து மீதியை எழுதுக. அம்மீதியே அடுத்த எண். 7இலிருந்து தொடங்கினால் 6, 1, 8, 11, 10, 5, 12 என எண்கள் தாறுமாறாக வருவதுபோல் தோன்றும். ஆயினும், மீண்டும் 7இலிருந்து தொடங்கினால் அதே வரிசையே வரும். தொடக்க எண்ணை 'விதை' என்பர். விதையைக் கணினி தன் கடிகாரத்தின் நேரம் முதலியவற்றிலிருந்து பெற்றுக்கொள்வதனால் ஒவ்வோர் ஆட்டத்திலும் வேறு வரிசை அமைகிறது. உண்மையான நிரல்களில் இதனைவிட மிகப் பெரிய எண்களும் சிக்கலான கணக்குகளும் பயன்படுகின்றன.

கணினி தன் சீட்டைத் தேர்வது எவ்வாறு?

சீட்டுகளைப் பங்கிட்டபின் கணினி எதிராளி தன் முறை வரும்போது இரண்டு செயல்களைச் செய்கிறது. முதலில், தன் கையில் உள்ளவற்றுள் எவை பொருந்தும் எனப் பட்டியலிடுகிறது. பின்னர் அப்பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்கிறது. ஆட்டக்காரரின் திறமை என நாம் கூறுவது இந்த இரண்டாம் செயலில்தான் அடங்கியுள்ளது.

எடுத்துக்காட்டாக, கீழே சிவப்பு 8 கிடக்கிறது. கணினியின் கையில் சிவப்பு 2, பச்சை 8, பச்சை 4, பச்சை 6, ஒரு வைல்டு சீட்டு ஆகியவை உள்ளன. பொருந்துபவை மூன்று: சிவப்பு 2, பச்சை 8, வைல்டு. எளிய நிலையில் ஆடும் நிரல் இம்மூன்றுள் ஏதேனும் ஒன்றைப் போட்டுவிடும். திறமையாக எழுதப்பட்ட நிரலோ தன் கையில் எந்த நிறம் மிகுதி என முதலில் எண்ணும். பச்சையே மிகுதி. ஆகவே பச்சை 8ஐப் போட்டு ஆட்டத்தைப் பச்சைக்கு மாற்றும். அடுத்த முறையும் பச்சையே நிலைத்திருந்தால், போடுவதற்குக் கையில் இரண்டு சீட்டுகள் உண்டு. வைல்டு சீட்டை நெருக்கடி நேரத்திற்கெனச் சேமித்து வைக்கும். அடுத்தவர் கையில் ஒரே சீட்டு இருப்பின், 'டிரா டூ' அல்லது 'ஸ்கிப்' சீட்டைப் போட்டு அவருடைய வெற்றியைத் தள்ளிப்போடும்.

மேலும், நினைவாற்றலில் கணினி தவறுவதில்லை. சிவப்பு நிறம் ஆட்டத்தில் இருந்தபோது நீங்கள் கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, அதனையும் போடாமல் முறையைக் கடத்தினீர்கள் எனக் கொள்வோம். அப்பொழுது உங்கள் கையில் சிவப்பு இல்லை என்பதைக் கவனமுள்ள எவரும் ஊகிக்கலாம். கணினி அதனைக் குறித்து வைத்துக்கொண்டு, சில சுற்றுகளுக்குப் பின் வைல்டு சீட்டைப் போட்டுச் சிவப்பையே அறிவிக்கக்கூடும். நமக்கோ அது நம் கையை எட்டிப் பார்த்தது போலவே தோன்றும். உண்மையில், அந்தச் செய்தியை நாமே நம் ஆட்டத்தின் வழியாக வெளிப்படுத்தியிருக்கிறோம்.

மறைந்திருக்கும் சீட்டுகள்

சதுரங்கத்தில் எதுவும் மறைவில்லை. இருவரும் எல்லாக் காய்களையும் காண்கின்றனர். 1997ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக வாகையர் காரி காஸ்பரோவைத் தோற்கடித்த டீப் புளூ என்னும் கணினி, ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளை ஆராய வல்லதாக இருந்தது. காஸ்பரோவின் கண்முன் இருந்த அதே பலகையைத்தான் அதுவும் ஆராய்ந்தது. சீட்டாட்டம் அத்தகையது அன்று. பிறர் கையில் உள்ளவை மறைந்திருக்கின்றன. அவ்வாறு மறைந்திருப்பதில்தான் ஆட்டத்தின் சுவை உள்ளது.

இங்குதான் நம் ஐயத்தின் வேர் இருக்கிறது. நால்வர் கூடி ஆடும்போது நான்கு கைகள் தனித்தனியே உள்ளன. கணினி ஆட்டத்தில் சீட்டைக் கலைப்பது, பங்கிடுவது, விதி தவறாமல் காப்பது, எதிராளியாக ஆடுவது ஆகிய அனைத்தையும் ஒரே பொறி செய்கிறது. உங்கள் சீட்டுகளும் அதன் நினைவகத்தில்தான் உள்ளன. அதனால் பார்க்க முடியுமா என வினவினால், முடியும் என்பதே விடை. பார்க்கிறதா என்பது வேறு வினா.

ஓர் ஆசிரியர் தேர்வுக்கு வினாத்தாள் அமைக்கிறார். அவருடைய மகளும் அதே வகுப்பில் அத்தேர்வை எழுதவிருக்கிறாள். வினாத்தாள் வீட்டிலேயே இருக்கிறது. ஆசிரியர் அதனைப் பூட்டி வைக்கிறார். மகளும் அதனைத் தேடுவதில்லை. இருவரும் ஒரே வீட்டில் வாழ்வதனால் மட்டும் அத்தேர்வு நேர்மையற்றதாகிவிடாது. நேர்மையாக எழுதப்பட்ட நிரலும் இவ்வாறே அமைகிறது. அதில் நடுவரைப் போன்ற ஒரு பகுதியும் ஆட்டக்காரரைப் போன்ற மற்றொரு பகுதியும் இருக்கும். நடுவர் பகுதிக்கு எல்லாச் சீட்டுகளும் தெரியும். ஆயினும் அது ஆட்டக்காரர் பகுதிக்கு நான்கு செய்திகளை மட்டுமே வழங்கும்: அதன் சொந்தச் சீட்டுகள், கீழே கிடக்கும் சீட்டு, பிறரிடம் எத்தனை சீட்டுகள் உள்ளன என்னும் எண்ணிக்கை, அதுவரை வெளிப்படையாக நடந்த ஆட்டம். மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் எவருக்கும் தெரியக்கூடியவை இவையே.

இவ்வெல்லையை வகுப்பவர் நிரலை எழுதும் மனிதர். அவர் விரும்பினால் எதிராளியைக் கடுமையாக்குவதற்காக உங்கள் சீட்டுகளைப் பார்க்கவும் வழிசெய்யலாம். ஆகவே, "கணினி ஏமாற்றுகிறதா?" என்று வினவுவதைவிட, "இந்நிரலை எழுதியவர் எதிராளிக்கு எவற்றைக் காட்டுகிறார்?" என்று வினவுவதே பொருத்தமாகும்.

நேர்மை பற்றிய இவ்வினா மனிதர்கள் ஆடும் ஆட்டத்திலும் உண்டு. நான்கு சீட்டுகளை எடுக்கச் செய்யும் வைல்டு சீட்டைப் போடுவதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. ஆட்டத்தில் உள்ள நிறத்துச் சீட்டு கையில் இல்லாதபோதே அதனைப் போடலாம். ஆயினும், கையில் அந்நிறம் இல்லை என்பது போட்டவருக்கு மட்டுமே தெரியும். ஐயுறும் அடுத்த ஆட்டக்காரர் அவரைச் சீட்டுகளைக் காட்டுமாறு கேட்கலாம். விதி மீறப்பட்டிருந்தால், போட்டவரே நான்கு சீட்டுகளை எடுக்கவேண்டும். ஐயம் தவறாயின், ஐயுற்றவர் ஆறு சீட்டுகளை எடுக்கவேண்டும். சான்றின்றி ஒருவரைக் குற்றம் சாட்டுவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை இவ்விதி அழகாக உணர்த்துகிறது.

ஐயத்தைச் சோதித்தல்

நிரலின் உள்ளே சென்று காண நம்மால் இயலாது. எனினும், வெளியிலிருந்து எண்ணிப் பார்க்க இயலும். அதற்கு ஒரு குறிப்பேடு போதும்.

நான்கு சமமான ஆட்டக்காரர்கள் ஆடினால், ஒவ்வொருவரும் நான்கில் ஓர் ஆட்டத்தை வெல்வர் என எதிர்பார்க்கலாம். மூன்று கணினி எதிராளிகளுடன் 20 ஆட்டங்கள் ஆடினால் உங்களுக்கு 5 வெற்றிகள் கிட்டவேண்டும். மூன்றே கிடைத்தால் ஏமாற்றப்பட்டோம் எனக் கொள்ளலாமா? கூடாது. முற்றிலும் நேர்மையான ஆட்டத்திலும், 20க்கு 3 அல்லது அதற்குக் குறைவான வெற்றிகள் கிட்டுவது நூறில் ஏறத்தாழ 22 முறை நேரும். மூன்று ஆட்டங்களில் தொடர்ந்து தோற்பது அதனினும் இயல்பானது. நான்கில் மூன்று பங்கு தோல்வி என்பதே அங்குச் சராசரி அல்லவா?

நூறு ஆட்டங்கள் ஆடியும் பத்தே வெற்றிகள் கிடைத்தால் அதற்குத் தற்செயலைக் காரணமாகக் கூற இயலாது. அப்பொழுதும் இரண்டு விளக்கங்கள் எஞ்சுகின்றன. எதிராளி நம்மினும் திறமையாக ஆடலாம். அல்லது நம் சீட்டைப் பார்க்கலாம். வெற்றி தோல்விகளின் எண்ணிக்கை மட்டும் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது.

பிரித்துக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. உங்கள் கையில் நிறமுள்ள ஒரே சீட்டு எஞ்சியிருக்கும்போது, கணினி வைல்டு சீட்டைப் போட்டு எந்த நிறத்தை அறிவிக்கிறது எனக் குறித்து வாருங்கள். அது உங்கள் சீட்டை அறியாதாயின், நான்கில் ஏறத்தாழ ஒரு முறை உங்கள் நிறத்தையே தவறிச் சொல்லிவிடும். இருபது முறையும் உங்கள் நிறத்தைத் தவிர்த்துவிட்டதெனில் ஐயம் வலுப்பெறும். சீட்டைப் பாராத ஆட்டத்தில் அவ்வாறு நிகழ்வது ஆயிரத்தில் ஏறத்தாழ 3 முறையே. முந்தைய சுற்றுகளில் நீங்கள் ஆடிய முறையைக் கொண்டு கணினி ஊகித்திருக்கவும் கூடும் என்பதனால், அத்தகைய சுற்றுகளைத் தனியே குறிப்பது நன்று. இடையிடையே கணினி உங்கள் நிறத்தையே அறிவித்து உங்களை வெல்ல விட்டிருந்தால், அது உங்கள் சீட்டைப் பார்த்து ஆடவில்லை எனக் கொள்ளலாம்.

தோற்றவுடன் எதிராளியை ஐயுறுவது எளிது; எண்ணிப் பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். எதிரே இருப்பது கணினியாயினும், விளையாட்டுத் திடலில் நிற்கும் வகுப்புத் தோழராயினும், குற்றம் கூறுவதற்கு முன் குறிப்பேட்டைத் திறப்பதே முறையாகும்.

சொற்பொருள்

ஐயம் – சந்தேகம்
நிரல் – கணினிக்குரிய கட்டளைத் தொகுப்பு
நினைவகம் – கணினி செய்திகளைச் சேமிக்கும் இடம்
சமவாய்ப்பு – எல்லாவற்றிற்கும் ஒரே அளவான வாய்ப்பு
வாகையர் – வெற்றி பெற்றவர்
ஊகித்தல் – குறிப்பால் உணர்தல்
நிபந்தனை – கட்டுப்பாடு
சான்று – ஆதாரம்

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. ஊனோவின் வழக்கமான கட்டில் ________ சீட்டுகள் உள்ளன.
2. 'ஊனோ' என்னும் சொல்லின் பொருள் ________.
3. சமவாய்ப்பு எண்களை உருவாக்கும் கணக்கின் தொடக்க எண்ணை ________ என்பர்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சதுரங்கத்திற்கும் சீட்டாட்டத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. நடுவர் பகுதி ஆட்டக்காரர் பகுதிக்கு வழங்கும் நான்கு செய்திகள் யாவை?
3. ஐயம் தவறாயின் ஐயுற்றவர் ஆறு சீட்டுகளை எடுக்கவேண்டும் என்னும் விதி எதனை உணர்த்துகிறது?

இ. சிந்தித்து விடை எழுதுக.
1. கீழே நீலம் 4 கிடக்கிறது. உங்கள் கையில் நீலம் 9, மஞ்சள் 4, மஞ்சள் 1, மஞ்சள் 7 ஆகியவை உள்ளன. எதனைப் போடுவீர்கள்? காரணம் கூறுக.
2. 'பார்க்க முடியும்', 'பார்க்கிறது' ஆகிய இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் வாழ்வில் கண்ட ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.

ஈ. செய்து பார்ப்போம்.
பாடத்தில் கூறிய கணக்கை 7இலிருந்து தொடங்கி, மீண்டும் 7 வரும்வரை தொடர்ந்து எழுதுக. இடையில் எத்தனை எண்கள் வந்தன? ஏதேனும் ஓர் எண் இருமுறை வந்ததா? உங்கள் நண்பர் 2இலிருந்து தொடங்கி எழுதட்டும். இருவர் எழுதிய வரிசைகளையும் ஒப்பிட்டு, நீங்கள் கண்டதை வகுப்பில் கூறுக.